இருபால் நகரின் இடைநிலம்: ஐதராபாத்தின் ஆடுகளங்களும் அவற்றை அடையும் வழிகளும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாகப் பகுத்துக் காட்டுகிறது. இவ்விரண்டிற்கும் நடுவே, இருபெரு வேந்தரின் படைகள் எதிரெதிர் நிற்கும் களத்தின் இடைவெளியை ஒத்ததொரு நிலப்பரப்பில், சோலை மரங்களின் அடிகளே தூண்களாக நாளங்காடி கூடியது என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி. கொள்வோரும் கொடுப்போரும் நிறைந்த அவ்விடத்திலேயே பூதத்திற்குப் பலியிடுதலும் விழாத் தொடக்கமும் நிகழ்கின்றன. வணிகமும் விழாவும் கூடும் பொதுவிடம், நகரின் எப்பகுதிக்கும் தனியுரிமையாகாத இடைநிலத்தில் அமைந்தமை நோக்கத்தக்கது. அவ்விடத்திற்கு இருபாக்கத்தாரும் நடந்தே வர இயன்றது.

இக்காப்பியச் செய்தியை ஐதராபாத் நகரின் அண்மைக்கால வரலாற்றோடு பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. அந்நகரின் ஃபதே மைதானம் என்னும் ஆடுகளமும், அதன் அருகமைந்த கேளிக்கை இடங்களும், பின்னர் நகரின் மேற்கெல்லையில் கச்சிபௌலியில் எழுந்த கால்பந்தரங்கும் உள்ளரங்கும் ஈண்டு ஆய்வுப் பொருளாகின்றன. ஆடுகளம் எங்கே அமைகிறது, அதனை எவ்வழியில் எவர் அடைய இயல்கிறது என்பவை ஓர் ஆட்டத்தின் வாழ்வையே நிர்ணயிக்கின்றன என்பது கட்டுரையாளரின் கருத்து. விளையாட்டு வரலாறு எழுதுவோர் வெற்றி தோல்விகளைப் பதிவு செய்த அளவுக்கு வழிகளைப் பதிவு செய்யவில்லை.

வெற்றித் திடல்

1687ஆம் ஆண்டு கோல்கொண்டா கோட்டையை ஔரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டுத் திங்கள் முற்றுகையிட்டது. முகலாய வீரர் பாசறை அமைத்துத் தங்கிய திறந்தவெளிக்கு, கோட்டை வீழ்ந்தபின் ‘வெற்றித் திடல்’ என்னும் பொருளில் ஃபதே மைதானம் எனப் பெயர் வழங்கலாயிற்று. காப்பியப் புலவர் உவமையாகச் சொன்னது இங்கே உண்மை நிகழ்ச்சியாக அமைந்துவிட்டது எனலாம்.

ஆசப் ஜாகி மன்னர் காலத்தில் இத்திடல் குதிரைமீதமர்ந்து ஆடும் போலோ ஆட்டத்திற்குப் பயன்பட்டது. திடலின் இருப்பிடமே அதன் சிறப்பு. தெற்கே மூசி ஆற்றைக் கடந்தால் சார்மினாரை நடுவாகக் கொண்ட பழைய நகரம். வடக்கே உசேன் சாகர் ஏரிக்கரையைக் கடந்தால் 1806 முதல் அப்பெயரால் வழங்கிவரும் செகந்திராபாத் படைவீட்டு நகரம். மன்னரின் நகருக்கும் ஆங்கிலேயரின் நகருக்கும் இடைப்பட்ட நிலம் இது. 1887இல் தோன்றிய நிஜாம் கல்லூரி இதன் அண்டை. 1907இல் நாம்பள்ளி இருப்புப்பாதை நிலையம் நடந்து செல்லும் தொலைவில் எழுந்தது. 1913இல் கட்டிமுடிக்கப்பெற்ற நகர மண்டபம் (பின்னாளில் சட்டமன்றம்) பொதுப் பூங்காவை ஒட்டி நின்றது. இரயிலும் கல்லூரியும் பூங்காவும் அரசு அலுவலகமும் சூழ்ந்தபின்னரே அத்திடல் முறையான விளையாட்டரங்காயிற்று என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். அரங்குக்காக எவரும் வழி அமைக்க வேண்டியிருக்கவில்லை. வழிகள் கூடிய இடத்தில் அரங்கு அமைந்தது.

பேருந்தின் பங்கும் சிறிதன்று. நிஜாம் அரசு இருப்புப்பாதைத் துறையின் ஒரு பிரிவாக 1932 ஜூனில் 27 பேருந்துகளுடனும் 166 பணியாளருடனும் சாலைப் போக்குவரத்து தொடங்கப்பெற்றது. அரசே பேருந்து நடத்திய முன்முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. இரயிலும் பேருந்தும் ஒரே துறையின்கீழ் இயங்கியமை இன்று வியப்பளிக்கும். ஒருங்கிணைந்த போக்குவரத்து என்று இக்காலத்தார் கருத்தரங்கு கூட்டிப் பேசுவதை அக்காலத்தார் அலுவலக ஏற்பாடாகவே கொண்டிருந்தனர். பேருந்துப் பதிவெண்களில் காணப்படும் ‘இசட்’ என்னும் எழுத்து, ஏழாம் நிஜாமின் தாயார் சுஹ்ரா பேகத்தின் பெயர் முதலெழுத்து என நகரத்தார் கூறுவர்.

1955 நவம்பரில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் இத்திடலில் நடந்தது. பாலி உம்ரிகர் 223 ஓட்டங்கள் எடுத்தார். 1967இல் அரங்கு லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைப் பெற்றது. முதியோர் நாவில் இன்றும் ஃபதே மைதானமே. பெயர் மாற்றங்கள் அரசாணையில் நிகழும் விரைவில் வழக்கில் நிகழ்வதில்லை என்பதை மொழி பயில்வோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

பந்து வந்த வழி

கால்பந்து இந்நகருக்குப் படைவீட்டின் வழியாகவே வந்தது. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளோடு வந்து திரிமுல்கேரி, பொலாரம், அம்முகூடா முதலிய இடங்களில் நிலைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. படைவீரரின் சமையற்கூடங்களிலும் பண்டசாலைகளிலும் பணிசெய்தோரின் பிள்ளைகள், வீரர் ஆடிய திடல்களின் ஓரத்தே நின்று ஆட்டத்தைக் கற்றனர். தமிழர் குடிப்பெயர்ச்சி பற்றிய ஆய்வுகள் இலங்கை, மலேயா, பர்மா எனக் கடல் கடந்தே பெரிதும் செல்கின்றன. தரைவழியே தக்காணம் சென்ற படைவீட்டுத் தமிழர் குறித்த ஆய்வுகள் மிகக் குறைவு.

இவ்வகையில் துளசிதாஸ் பலராம் (1936–2023) முதன்மையாக நினைக்கத்தக்கவர். தமிழ்ப் பெற்றோர்க்கு மகனாக அம்முகூடாவில் பிறந்த அவர், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியிலும், 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் ஆடினார். ஐதராபாத் அரசுப் பகுதியில் பிறந்து இராணுவத்தின் சென்னைப் படைப்பிரிவு மையத்திற்கு ஆடிய பீட்டர் தங்கராஜ் (1935–2008) அதே காலத்து இலக்குக் காவலர். இவ்விருவரும் இன்னும் பலரும் சையத் அப்துல் ரகீம் (1909–1963) என்னும் பயிற்றுநரின்கீழ் இந்தியாவுக்கு ஆடியோராவர். பள்ளி ஆசிரியராயிருந்த ரகீம் 1950 முதல் ஐதராபாத் நகரக் காவல் அணியைப் பயிற்றுவித்தார். அவ்வணி 1950இல் டியூரண்ட் கோப்பையையும் 1950 தொடங்கி 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையையும் வென்றது. 1956–57, 1957–58 ஆகிய இரு பருவங்களில் சந்தோஷ் கோப்பையும் ஐதராபாத்துக்கே வந்தது.

பலராமைக் கண்டறிந்து பயிற்சிக்கு அழைத்தபோது, அம்முகூடாவிலிருந்து ஐதராபாத் வந்துசெல்லப் பொருளின்றித் தயங்கிய அவ்விளைஞருக்கு மிதிவண்டிக்கு வழி செய்தவர் ரகீம் என்று கூறப்படுகிறது. இச்சிறு செய்தியைக் கட்டுரையாளர் பெரிதாகக் கருதுகிறார். அக்கால ஐதராபாத் ஒரு மிதிவண்டியால் அளக்கத்தக்க நகரமாயிருந்தது. ஏழைச் சிறுவனுக்கும் தேசிய அணிக்கும் இடையே நின்ற தடை ஏரிக்கரைச் சாலையளவு நீண்டது. ஒரு நல்லாசிரியர் மனம் வைத்தால் அதனைக் கடக்க முடிந்தது.

சந்தையும் விழாவும்

ஃபதே மைதானத்தின் அண்மையில் கேளிக்கை இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. தாகூர் நூற்றாண்டையொட்டி 1961இல் இரவீந்திர பாரதி என்னும் கலையரங்கு திறக்கப்பட்டது. பொதுப் பூங்காவில் லலித கலா தோரணம் என்னும் திறந்தவெளி மேடை உண்டு. ஆட்டம் முடிந்து வெளிவருவோரும் நாடகத்திற்குச் செல்வோரும் ஒரே சாலையில் எதிர்ப்பட்டனர்.

இவற்றுள் நாளங்காடிக்கு மிக நெருங்கி நிற்பது நுமாயிஷ் என்னும் ஆண்டுப் பொருட்காட்சியே. உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் 1938இல் பொதுப் பூங்காவில் இதனைத் தொடங்கினர். உள்நாட்டுப் பொருள்களை மக்களுக்கு அறிமுகப்படுத்தி, அவ்வருவாயைக் கொண்டு மாநிலத்தில் பொருளியற் கணக்கெடுப்பு நடத்துவது அவர்தம் நோக்கமாயிருந்தது. கூட்டம் பெருகவே 1946இல் நாம்பள்ளி நிலையத்தையடுத்த முகர்ரம் ஜாகி சாலைத் திடலுக்குப் பொருட்காட்சி பெயர்ந்தது. அரசியல் கொந்தளிப்பால் ஈராண்டுகள் தடைப்பட்டு, 1949இல் அப்போதைய தலைமை ஆளுநர் இராஜாஜியால் திறந்துவைக்கப்பெற்று, அகில இந்தியத் தொழிற் பொருட்காட்சி எனப் பெயர் விரிந்தது. மக்கள் மட்டும் நுமாயிஷ் என்றே வழங்குகின்றனர்.

சனவரி முதல் நாள் தொடங்கி 46 நாள்கள் நடைபெறும் இப்பொருட்காட்சியில் காஷ்மீர்ச் சால்வையும் இலக்னோ சிகன் துணியும் ஒருபுறம், இராட்டினமும் சிறு இரயிலும் மறுபுறம். பழைய நகரத்துப் பர்தா அணிந்த பெண்டிரும் படைவீட்டுப் பகுதிக் குடும்பத்தாரும் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து இரயிலில் வருவோரும் ஒரே வாயிலில் நுழைகின்றனர். இப்பொருட்காட்சியைக் கண்டு திரும்பிய ஓரிரவில், நாம்பள்ளி நிலையம் வரை நடந்த கட்டுரையாளருக்கு மருவூர்ப்பாக்கத்து வணிகரின் பட்டியல் நினைவுக்கு வந்தது இயல்பே. 2019 சனவரி 30ஆம் நாள் நேர்ந்த தீவிபத்தில் கடைகள் பல எரிந்தன. அதன்பின் திடலின் உள்வழிகள், தீயணைப்பு வண்டி புகும் இடைவெளிகள் பற்றிய கேள்விகள் நீதிமன்றம் வரை சென்றன. நெரிசலே இப்பொருட்காட்சியின் அழகும் ஆபத்துமாயிற்று.

2018 செப்டம்பர் 24இல் அமீர்பேட்டை–எல்.பி. நகர் மெட்ரோ தடம் திறக்கப்பட்டபோது சட்டமன்றம், நாம்பள்ளி, காந்தி பவன் ஆகிய நிலையங்கள் இப்பகுதிக்குக் கிடைத்தன. காந்தி பவன் நிலையம் பொருட்காட்சித் திடலின் வாயிலையே ஒட்டியது. நுமாயிஷ் நாள்களில் இரவு இரயில்கள் நீட்டிக்கப்படுவது வழக்கமாயிற்று. இத்தடம் பாரம்பரியக் கட்டடங்களின் தோற்றத்தைக் கெடுக்கும் என 2014இல் எழுந்த எதிர்ப்பு நியாயமற்றதன்று. எனினும் முந்நூறு ஆண்டுகளாக மக்கள் நடந்து கூடிய அதே இடத்திற்கே புதிய ஊர்தியும் வந்து சேர்ந்தது என்பது வரலாற்றின் தொடர்ச்சியைக் காட்டும்.

ஈண்டுப் பிறநாட்டு ஒப்புமையொன்று பயன்தரும். இலண்டனின் வடமேற்கே வெம்பிளியில் 1894இல் ஒரு கேளிக்கைப் பூங்காவைத் திறந்தவர் மெட்ரோபாலிட்டன் இருப்புப்பாதைக் குழுமத்தின் தலைவர் எட்வர்ட் வாட்கின். தம் இரயிலுக்குப் பயணியரைச் சேர்ப்பதே அவர் நோக்கம். அங்கே அவர் எழுப்பத் தொடங்கிய பெருங்கோபுரம் முதல் நிலையோடு நின்று இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 1923இல் கால்பந்தரங்கும், அடுத்த ஆண்டு பேரரசுப் பொருட்காட்சியும், 1934இல் அருகிலேயே உள்ளரங்கும் தோன்றின. இரயில் முந்தியது, ஆட்டமும் கேளிக்கையும் அதன்பின் வந்தன. சென்னையிலும் இம்முறையே காணலாகும். மத்திய நிலையம், பூங்கா நிலையம் ஆகியவற்றின் அருகே ரிப்பன் மாளிகையும், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் நிகழ்த்திய விக்டோரியா பொது மண்டபமும், பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கும் ஒருசேர அமைந்துள்ளன.

மேற்கு நோக்கிய பெயர்ச்சி

1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல் ஐதராபாத்தின் எடை மேற்கே சாயத் தொடங்கியது. 2002 டிசம்பரில் 32ஆம் தேசிய விளையாட்டும், 2003 அக்டோபர் 24 முதல் நவம்பர் 1 வரை முதலாம் ஆப்பிரிக்க–ஆசிய விளையாட்டும் இந்நகரில் நிகழ்ந்தன. அவற்றின்பொருட்டு நாம்பள்ளியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிப் பாறைக்குன்றுகள் நிறைந்த கச்சிபௌலியில் விளையாட்டு நகரம் எழுந்தது. 2002 மார்ச்சில் உலங்கூர்தி விபத்தில் மறைந்த மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகியின் பெயரால் தடகள–கால்பந்தரங்கும், அதனருகே உள்ளரங்கும் அமைந்தன. உள்ளரங்கில் 2009இல் உலகப் பூப்பந்துப் போட்டி நடந்தது. பிற்காலத்தில் கபடிப் போட்டிகளும் நிகழ்ந்தன.

இங்கே வரிசை தலைகீழாயிற்று. முதலில் அரங்கு, பின்னர் சாலை. 2003 ஆகஸ்டில் தொடங்கிய எம்.எம்.டி.எஸ். புறநகர் இரயில் லிங்கம்பள்ளி வரை சென்றது, அரங்கைத் தொடவில்லை. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி 2008இல் கச்சிபௌலியையும் சம்ஷாபாத் விமான நிலையத்தையும் இணைத்தது. வான்வழி வருவோர்க்கு அரங்கு அண்மையாயிற்று. பழைய நகரத்தார்க்கு அன்று. 2019 நவம்பரில் மெட்ரோ ராய்துர்க்கம் வரை நீண்டு அங்கேயே நின்றது. அங்கிருந்து விமான நிலையத்திற்குத் தடம் அமைக்க 2022 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது; ஆட்சி மாறியதும் திட்டம் திருத்தப்பட்டது. இதற்கிடையே உப்பலில் 2005 முதல் இயங்கும் கிரிக்கெட் அரங்கின் வாயிலில், 2017இல் திறந்த முதல் மெட்ரோ தடத்திலேயே ‘ஸ்டேடியம்’ என்னும் பெயரில் ஒரு நிலையம் வாய்த்தது. கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் இந்நாட்டிலுள்ள வேறுபாட்டை விளக்க வேறு சான்று வேண்டா.

பலராமின் மிதிவண்டிக்கு இணையான செய்தியொன்று இக்காலத்திலும் உண்டு. பின்னாளில் ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற பி.வி. சிந்து, சிறுமியாயிருந்தபோது கச்சிபௌலியிலுள்ள கோபிசந்த் பயிற்சிக்கூடத்திற்கு நாள்தோறும் 56 கிலோமீட்டர் பயணம் செய்தார் என நாளிதழ் ஒன்று எழுதியது. அவர்தம் பெற்றோர் இருவரும் கைப்பந்து வீரர்கள், இரயில்வேயில் பணியாற்றியோர். அத்தகைய குடும்பத்தால் அத்தொலைவைத் தாங்க முடிந்தது. அம்முகூடாச் சிறுவன் ஒருவனுக்கு இன்று எந்த ஆசிரியர் மிதிவண்டி கொடுத்தாலும் கச்சிபௌலியைச் சென்றடைதல் அரிது.

அரங்கைச் சூழ்ந்த நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2003 ஆகஸ்டில் அப்போதைய ஆந்திரப் பிரதேச அரசு, உலகத்தரப் பயிற்சிக்கழகங்கள் அமைப்பதாகக் கூறிய ஐ.எம்.ஜி. பாரதா என்னும் தனியார் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அதன்படி ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்தையொட்டிய காஞ்சா கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலம் அந்நிறுவனத்திற்கு ஒதுக்கப்பட்டது. பயிற்சிக்கழகம் எழவில்லை. 2006இல் அடுத்த அரசு ஒதுக்கீட்டை நீக்கியது. 2007இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. வழக்கு நீண்டு, 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றமும் மேயில் உச்சநீதிமன்றமும் அரசின் பக்கம் தீர்ப்புரைத்தன. விளையாட்டின் பெயரால் பிரிக்கப்பட்ட நிலம் விளையாட்டுக்குத் திரும்பவில்லை. தகவல் தொழில்நுட்ப வளாகத்திற்காக 2025 மார்ச் இறுதியில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின; மாணவர் போராடினர்; ஏப்ரல் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் மரம் வெட்டுதலை நிறுத்தியது. ஆடுகளம் ஒன்று வருவதாகச் சொல்லி நிலம் பெறுதலும், நிலம் விலையேறியபின் ஆடுகளத்தை மறத்தலும் ஐதராபாத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஆயினும் ஒரே இடத்தில் இவ்வளவு தெளிவாக ஆவணப்பட்ட நேர்வு அரிது.

பார்வையாளரைத் தேடும் அரங்கு

கச்சிபௌலி அரங்கிற்கு 2019இல் ஒரு வாய்ப்பு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தோன்றிய ஐதராபாத் கால்பந்துக் கழகம் அதனைத் தாய்க்களமாகக் கொண்டது. நவம்பர் 2ஆம் நாள் முதல் உள்ளூர் ஆட்டத்தில் கேரள அணியை 2–1 என வென்றது. ஒரு பருவம் முடிவதற்குள் பெருந்தொற்று வந்தது. விளையாட்டு நகரத்தின் அடுக்குமாடிக் கோபுரம் 2020இல் தொற்று மருத்துவமனையாயிற்று. அடுத்த இரு பருவங்களும் கோவாவிலேயே நடந்தன. 2022 மார்ச் 20இல் கழகம் இந்திய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது, படோர்டா அரங்கில். சொந்த நகரத்தார் அரங்கிலமர்ந்து காணாத காலத்தில் உருவான வெற்றி அது.

ஃபதே மைதானத்திற்கும் இத்தகைய இழப்பு நேர்ந்ததுண்டு. 2008இல் ஆசிய சேலஞ்ச் கோப்பை இந்நகரில் நடந்தபோது, மழையால் களம் சேறாகி, இறுதியாட்டம் தில்லிக்கு மாற்றப்பட்டது. அங்கே சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடிக்க இந்தியா தஜிகிஸ்தானை 4–1 என வென்றது. அதன்பின் லால் பகதூர் அரங்கு பெரும்பாலும் கூட்டங்களின் களமாயிற்று. 2004இல் ராஜசேகர ரெட்டியும் 2023 டிசம்பர் 7இல் ரேவந்த் ரெட்டியும் முதலமைச்சராகப் பதவியேற்றது அங்கேதான். பதவியேற்பு நாளில் பஷீர்பாக் சாலைகளில் ஊர்திகள் திருப்பிவிடப்பட்டன. மக்கள் வந்து கூட ஏற்ற இடம் எது என்பதை அரசியல் கட்சிகள் விளையாட்டுத் துறையினரைவிட நன்கறிந்திருக்கின்றன.

2024 செப்டம்பரில் கண்டங்களிடைக் கோப்பைக்காக இந்திய அணி கச்சிபௌலிக்கு வந்தது. மொரீசியசுடன் கோலின்றிச் சமன்செய்து, சிரியாவிடம் 0–3 எனத் தோற்றது. 2025இல் ஐதராபாத் கழகம் உரிமையாளரின் முடிவால் தில்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது. ரகீமின் வாழ்க்கையைத் தழுவிய ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்து ஓராண்டு கடந்திருந்த வேளை அது. பலராமோ அதற்கு முன்பே, 2023 பிப்ரவரி 16இல், தாம் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடிப் புகழ்பெற்ற கொல்கத்தாவில் மறைந்திருந்தார்.

அம்முகூடாவின் இருப்புப்பாதை நிலையம் இன்றும் செகந்திராபாத்–பொலாரம் தடத்தில் உள்ளது. அங்கிருந்து நாம்பள்ளிக்கு இரயிலும் பேருந்தும் மாறிச் சென்று சேரலாம். நுமாயிஷ் சனவரி முதல் நாள் திறக்கும்.